இருட்டில் ஒரு பாட்டு

லண்டனில் சில வருஷங்கள் உத்தியோகம் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கும் நண்பர் ஒருவர் பங்குனி மாதத்தில் நம்மைப் பார்க்க வந்திருந்தார். காபி ஆறுவதற்குள் நாடகப் பேச்சு ஆரம்பமாகிவிட்டது.

“ஓய், பயங்கரமான கதையைப் பாட்டிலே சொல்ல முடியுமா? கொலைகாரன் கத்தியைத் தீட்டிக்கொண்டே ராகம் இழுத்தால் ஜனங்கள் சிரித்துவிட மாட்டார்களா?” என்று கேட்டார்.

“சிரித்தாலும் சிரிப்பார்கள்” என்றோம்.

“அதுதான் இல்லை! கேளும்” என்று நண்பர் நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அவர் சொன்னது ‘ஸ்வீனி டாட்’ என்னும் இசை நாடகத்தின் கதை. அநியாயக்காரனான நீதிபதி ஒருவனால் நாடு கடத்தப்பட்ட நாவிதன் ஒருவன், பழி வாங்குவதற்காக லண்டனுக்குத் திரும்பி வருகிறான். க்ஷவரத்துக்கு வந்து உட்காருகிறவர்களின் கழுத்தில் கத்தியை ஓட்டுகிறான். கீழ்க் கட்டிலே மாமிசப் பண்டம் சுட்டு விற்கும் அம்மாள் ஒருத்தி அவனுக்குத் துணை. அவள் என்ன துணை செய்தாள் என்பதை இங்கே விவரிக்கப் போவதில்லை. சாப்பாட்டு வேளையில் பத்திரிகை வாசிக்கும் நேயர்களும் உண்டல்லவா?

இதற்கு இசையும் பாட்டும் அமைத்தவர் ஸ்டீபன் ஸாண்ட்ஹைம் என்ற அமெரிக்கர். 1979-ம் வருஷம் நியூயார்க் நகரத்துப் பெரிய தியேட்டர் ஒன்றில், தொழிற்சாலையையே கொண்டுவந்து நிறுத்தியது போன்ற பிரம்மாண்டமான காட்சி ஜோடனையுடன் அது அரங்கேறியது. பரிசுகளும் குவிந்தன. ஆனால் ஸாண்ட்ஹைமின் மனத்தில் முதலில் இருந்தது அத்தனை பெரிய ஜோடனை அல்ல. சின்ன இடத்திலே, பார்ப்பவர் மிரளும்படி நடக்க வேண்டிய நாடகம் என்றே அவர் அதை நினைத்திருந்தார். 2014-ல் லண்டனில் டூட்டிங் என்ற பகுதியைச் சேர்ந்த சிறு குழு ஒன்று அந்த எண்ணத்தை நிறைவேற்றி வைத்தது. அந்த வட்டாரத்தில் மாமிசப் பண்டத்துக்குப் பேர்போன பழைய கடை ஒன்றின் உள்ளேயே நாடகத்தை நடத்தினார்கள். கடையின் பெஞ்சுகளில் ஜனங்கள் உட்கார்ந்திருக்க, நாவிதன் அவர்களுக்கு நடுவே கத்தியுடன் நடமாடினான். 2017-ல் நியூயார்க்குக்குப் போனபோது, தியேட்டரையே பண்டக் கடையாக மாற்றிக்கொண்டு ஆடினார்கள்.

“கத்தி காதோரமாகப் போகும்போது பாட்டுக் கேட்டால் எப்படி இருக்கும் தெரியுமா? நம் தேசத்தில் அப்படி ஏதாவது உண்டா? கொட்டகையில் சாய்ந்துகொண்டு தலையை ஆட்டுவோம், அவ்வளவுதானே!” என்று நண்பர் முடித்தார்.

நாம் விவாதம் செய்யவில்லை. “வருகிற வாரம் எலவனாசூர்கோட்டைப் பக்கம் போகிறோம். நீரும் வாரும். ஒரு பாயும் எடுத்துக்கொள்ளும்” என்று மட்டும் சொன்னோம்.

*

உளுந்தூர்ப்பேட்டையிலிருந்து சேலத்துக்குப் போகும் சாலையில் உள்ளது எலவனாசூர்கோட்டை. சோழர் காலத்துக் கல்வெட்டுக்களோடு கூடிய சிவன் கோயில் உள்ள ஊர். முன்பு தென்னாற்காடு ஜில்லாவிலும், பிறகு விழுப்புரம் மாவட்டத்திலும் இருந்து, 2019-ல் கள்ளக்குறிச்சி மாவட்டம் பிரிக்கப்பட்டபோது அதில் சேர்ந்தது. மேற்கே போகப் போகக் கல்வராயன் மலை. கிழக்கே போனால், அரவானுக்குக் கோயில் கொண்டு சித்திரையில் திருவிழா நடத்தும் கூவாகமும் இந்த உளுந்தூர்ப்பேட்டை வட்டாரத்திலேயே இருக்கிறது. களப்பலியான அரவானுக்காகத் தாலி கட்டிக்கொண்டு மறுநாள் அதை அறுத்து அழும் திருநங்கையரை நேயர்கள் படங்களிலாவது பார்த்திருப்பார்கள். இந்த மண்ணுக்குப் பாரதக் கதை ஏட்டிலுள்ள கதை அல்ல. பக்கத்து வீட்டில் நடந்த விஷயம்.

இந்தப் பக்கத்துக் கிராமங்களில் திரௌபதி அம்மன் திருவிழா நடந்தால், பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. கடைசியில் படுகளமும் தீமிதியும். நாம் போன அன்று இரவு ‘கீசக வதம்’.

கூத்துக் களரி என்பது பெரிய இடமல்ல. கோயிலுக்கு எதிரே நான்கு கம்பு நட்டு, மேலே ஒரு கீற்றுப் பந்தல். பின்னால் ஒரு பெஞ்சு. அதில் ஹார்மோனியம், மிருதங்கம், முகவீணை, தாளம், பின்பாட்டுக்காரர். முன்னே பத்தடி மண். மூன்று பக்கமும் ஜனங்கள். நம் முழங்காலுக்கும் வேஷக்காரரின் சலங்கைக்கும் இடையே ஒரு முழம் இருந்தால் அதிகம்.

நாம் போய் உட்கார்ந்ததும், “வாத்தியார் வந்துட்டாரு!” என்று ஒரு குரல் எழுந்தது. இருபது வருஷத்துக்கு மேலாகப் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறவர்களாதலால், சற்றுப் பெருமையுடன் நிமிர்ந்து உட்கார்ந்தோம். ஒருவரும் நம் பக்கம் திரும்பவில்லை. வந்தவர் கூத்து வாத்தியார்! நண்பருக்கு அன்று இரவு முதல் சிரிப்பு நம் செலவில் கிடைத்தது.

பக்கத்தில் இருந்த கிழவி மட்டும் நம்மைக் கவனித்தாள். “ஐயா, காலை மடக்கிக்கிட்டு ஒக்காருங்க. பீமன் வர்ற வழி இதுதான்” என்றாள்.

“சரி, ஆயா” என்று மடக்கிக்கொண்டோம்.

*

கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் அதிலுள்ள முடிச்சை ஒரு தரம் நினைவுபடுத்திக்கொள்வது நல்லது.

பாண்டவர்கள் 12 வருஷம் வனவாசத்தை முடித்துவிட்டார்கள். 13-வது வருஷம் ஒருவர் கண்ணுக்கும் அகப்படாமல் மறைந்திருக்க வேண்டும். அகப்பட்டால் மறுபடியும் 12 வருஷம் காடு. விராட ராஜன் வீட்டில் தர்மபுத்திரர் சூதாட்டத் தோழர், பீமன் சமையற்காரன், அர்ஜுனன் பெண்களுக்கு நாட்டியம் சொல்லிக் கொடுக்கும் பேடி, திரௌபதி ராணியின் வேலைக்காரி. வருஷம் முடியச் சில நாட்களே இருக்கின்றன. அந்தச் சமயத்தில் ராணியின் தம்பியும் சேனாதிபதியுமான கீசகன் திரௌபதியின் மேல் கண் வைக்கிறான். அவன் கையில்தான் ராஜ்யமே இருக்கிறது. அவனை எதிர்த்து ராஜாவும் வாய் திறக்க முடியாது. கணவன்மார்கள் வாய் திறந்தால் ரகசியம் போய்விடும். ஆகவே கொலை நடந்தாக வேண்டும். ஆனால் சத்தம் வெளியே வரக்கூடாது. பகலில் பெண்கள் நாட்டியம் பழகும் மண்டபம் இரவில் காலியாக இருக்கும். அங்கே இருட்டில், திரௌபதிக்குப் பதிலாகப் பீமன் காத்திருக்கிறான்.

துப்பறியும் நாவல் எழுதுகிறவர்கள் இதைவிட இறுக்கமான முடிச்சைப் போட்டுவிட முடியுமா என்பது சந்தேகந்தான்.

அன்றைய கூத்தில் கீசகன் வேஷம் கட்டியவர் திரைக்குப் பின்னாலிருந்து தன் பிரதாபத்தைத் தானே பாடினார். இருவர் பிடித்துக்கொண்டிருந்த துணிக்கு மேலே கிரீடம் மட்டும் தெரிந்தது. திரை விலகியதும், கண்ணாடித் துண்டுகள் பதித்த புஜக்கட்டைகள் விளக்கில் மின்ன, கிறுகிறுவென்று சுழன்று சுழன்று களரியை ஒரு வலம் வந்தார். கிளம்பிய புழுதி நம் மூக்கில் ஏறியது. கட்டியங்காரன், “மகாராஜா, மெதுவா! முன் வரிசையில பட்டணத்து ஆளுங்க இருக்காங்க, வேட்டி அழுக்காயிடும்” என்றான். குழந்தைகள் சிரித்தார்கள். நண்பரும் சிரித்தார்.

பிறகு சபைக் கட்டம் வந்தது. கீசகனிடமிருந்து தப்பி ஓடிய திரௌபதி ராஜ சபையில் வந்து விழுகிறாள். சபையின் நடுவிலேயே கீசகன் அவளை எட்டி உதைக்கிறான். ராஜா வேறு பக்கம் பார்க்கிறான். தர்மபுத்திரர் அங்கேயே உட்கார்ந்திருக்கிறார், பேசக்கூடாது.

திரௌபதி வேஷக்காரர் எழுந்து நின்றார். நியாயம் கேட்டுப் பாட வேண்டிய இடம். ராஜா வேஷக்காரர் பெஞ்சின் ஓரத்தில் இருந்தார். ஆனால் பாடினவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. மண்ணில் உட்கார்ந்திருந்த எங்கள் பக்கம் திரும்பினார். ஒவ்வோர் அடியையும் ஒவ்வொரு முகத்தைப் பார்த்துப் பாடிக்கொண்டு வந்தார். பெரியவர்கள் இருக்கிற சபை இது, படித்தவர்கள் இருக்கிற சபை இது, இங்கே ஒருவருக்கும் வாய் இல்லையா என்பது பாட்டின் கருத்து. நம் முகத்துக்கு வந்ததும் நாம் மடியைப் பார்த்துக்கொண்டோம். ஓரக் கண்ணால் பார்த்தபோது நண்பரும் தம் மடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கிழவி மட்டும் முகத்தை எடுக்காமல், “கேளும்மா, நல்லாக் கேளு” என்று முணுமுணுத்தாள்.

*

அடுத்தது மண்டபக் கட்டம்.

ஒரு விளக்கும் அணைக்கப்படவில்லை. ட்யூப் லைட் பளிச்சென்று எரிகிறது. பெஞ்சில் பீமன் தலையோடு கால் ஒரு புடவையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். மீசையின் நுனி வெளியே தெரிகிறது. கட்டியங்காரன் மணப்பெண்ணுக்கு வேண்டிய புத்திமதிகளையெல்லாம் அவனுக்குச் சொல்கிறான். சிரித்துச் சிரித்துப் பக்கத்தில் இருந்த குழந்தைக்கு விக்கல் எடுத்துவிட்டது.

அப்போது கீசகன் உள்ளே வந்தான். அந்த வெளிச்சத்தில் இரண்டு கையையும் முன்னே நீட்டிக்கொண்டு, காலால் மண்ணைத் தடவித் தடவி வைத்துக்கொண்டு வந்தான். நான்கு அடி வைப்பதற்குள் எங்கள் கண்ணுக்கு இருட்டிவிட்டது. காதல் பாட்டுத்தான் பாடினான், இனிமையான பாட்டு. ஒவ்வோர் அடி முடிந்ததும் பின்பாட்டுக்காரர் அதைத் திருப்பிப் பாட, கீசகன் ஓர் அடி நெருங்கினான். மறுபடியும் ஓர் அடி பாட்டு. மறுபடியும் ஓர் அடி மண். புடவைக்குள் பீமன் அசையவில்லை. திருப்பிப் பாடப் பாடச் சிரிப்புக் குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் கட்டியங்காரனே களரியின் ஓரத்துக்குப் போய் நின்றுவிட்டான்.

கீசகன் கை புடவையைத் தொட்டது. உள்ளிருந்து ஒரு கை வந்து அவன் மணிக்கட்டைப் பற்றியது.

பாட்டு நின்றது. முகவீணை நின்றது. தாளமும் நின்றது. அரண்மனைக்குச் சத்தம் கேட்கக் கூடாதல்லவா? இரண்டு பெரிய சரீரங்கள் வாய் திறவாமல் பத்தடி மண்ணில் மல்லுக்கு நின்றன. கேட்டதெல்லாம் மூச்சும் சலங்கையும்தான். எங்கள் காலுக்கு ஒரு சாண் தூரத்தில் கீசகன் விழுந்தான். எங்கேயோ ஒரு குழந்தை வீறிட்டது.

இந்தக் கட்டத்தைப் பற்றித்தான் நண்பருக்கு நாம் சொல்ல விரும்பியது. பாட்டு இல்லாத பயங்கர நாடகத்தில் வேகந்தான் பிரதானம். என்ன நடக்கிறதென்று யோசிப்பதற்குள் நடந்து முடிந்துவிடும். பாட்டு உள்ள நாடகத்தில் தாமதந்தான் பிரதானம். கீசகன் நெருங்கி வந்த அந்தக் கால் மணி நேரமும் நாம் எதற்காகக் காத்துக்கொண்டிருந்தோம்? ஒரு மனிதன் கொல்லப்படுவதற்காக. பெண்கள், குழந்தைகள், பள்ளிக்கூட வாத்தியார் எல்லோருமே அதைத்தான் விரும்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அந்த விருப்பத்தை நாமே பார்த்துக்கொள்ளும்படி பாட்டு நமக்கு அவகாசம் கொடுத்துவிடுகிறது.

பிறகு திரௌபதி வந்து பிணத்தைப் பார்த்துப் பாடினாள். அந்தப் பாட்டில் வெற்றி இல்லை. பதின்மூன்று வருஷத்துக் களைப்புத்தான் இருந்தது.

*

மரணத்தை ரங்கத்தில் நேரே காட்டலாகாது என்பது நாட்டிய சாஸ்திரத்தின் விதி. கிரேக்கரும் தங்கள் சோக நாடகங்களில் கொலையைப் பெரும்பாலும் உள்ளே வைத்துவிட்டு, ஓலத்தை மட்டும் வெளியே விட்டார்கள். நம் கூத்து அந்த விதிக்குக் கட்டுப்படவில்லை. கேரளத்துக் கதகளியிலும் இரயிம்மன் தம்பி (1782–1856) இயற்றிய ‘கீசக வதம்’ பிரசித்தமானது. தென்னிந்தியாவின் முதல் கதைப் படமும் ‘கீசக வதம்’தான், மோட்டார் வியாபாரியாயிருந்த ஆர். நடராஜ முதலியார், முதல் உலக யுத்தத்தின் கடைசிக் காலத்தில் சென்னையில் எடுத்தது. அது ஊமைப் படம். இன்று அதன் பிரதி ஒன்றுகூட இல்லை. பாட்டில்லாத கீசகன் மறைந்துவிட்டான்; பாடுகிற கீசகன் கள்ளக்குறிச்சிப் பக்கத்துக் கிராமங்களில் இன்னும் வருஷா வருஷம் செத்துக்கொண்டிருக்கிறான்.

இந்தக் கதையின் சக்தியை நம்மைக் காட்டிலும் நன்றாக அறிந்திருந்தவர்கள் வெள்ளைக்காரர்கள். லோகமான்ய திலகரோடு ‘கேஸரி’ பத்திரிகையில் வேலை பார்த்த கிருஷ்ணாஜி பிரபாகர் காடில்கர், 1907-ல் மராத்தியில் ‘கீசக வத’ நாடகத்தை எழுதினார். வங்காளத்தை இரண்டாக வெட்டிய கர்ஸன் பிரபுவைத்தான் கீசகன் என்று ஜனங்கள் புரிந்துகொண்டார்கள். திரௌபதி பாரத தேசம், பொறு பொறு என்று சொல்லும் தர்மபுத்திரர் மிதவாதிகள், பீமன் தீவிரவாதிகள். நாடகத்தில் ஒரு வெள்ளைக்காரன் பெயர்கூட இல்லை. இருந்தும் 1910-ல் பம்பாய் அரசாங்கம் அதைத் தடை செய்தது. லண்டன் ‘டைம்ஸ்’ பத்திரிகையைச் சேர்ந்த வாலண்டைன் சிரால், அதே வருஷம் இந்தியக் கிளர்ச்சியைப் பற்றி எழுதிய புத்தகத்தில் இந்த நாடகத்தையும் ஓர் அத்தாட்சியாக எடுத்துக் காட்டினார். நாடகங்களைத் தடுப்பதற்கென்றே 1876-ல் சட்டம் செய்து வைத்திருந்த சர்க்கார் அல்லவா!

தமிழ் நாட்டிலோ எஸ். எஸ். விஸ்வநாத தாஸ் முருகன் வேஷத்தில் தேசியப் பாட்டுக்களைப் பாடியதற்காகப் பல முறை சிறை சென்றார். 1940 டிசம்பர் 31-ம் தேதி இரவு சென்னையில் ‘வள்ளி திருமணம்’ நாடகத்தில், முருகன் வேஷத்துடனேயே மேடையில் உயிர் நீத்தார்.

அரசாங்கம் எதற்குப் பயந்தது? மேடையில் செய்யும் பொய்க் கொலைக்கா? நாம் அப்படி நினைக்கவில்லை. சபைக் கட்டத்துக்குத்தான் பயந்திருக்க வேண்டும். அநியாயம் நடக்கும்போது வாயை மூடிக்கொண்டிருந்த சபை நாமேதான் என்று டிக்கெட் வாங்கி வந்தவர்களுக்குத் தோன்றிவிட்டால், மறுநாள் அவர்கள் வாயை மூடிக்கொண்டிருப்பார்களா?

சிறிய அரங்கின் மகிமையும் இங்கேதான் இருக்கிறது. பெரிய தியேட்டரில், மெத்தை வைத்த நாற்காலியில், இருட்டில், நாம் வெறும் பார்வையாளர்கள். பத்தடிக் களரியில், வெளிச்சத்தில், நாம் விராடனுடைய சபை. அங்கே ஒளிந்துகொள்ள இடமில்லை.

*

இதை இவ்வளவு விஸ்தாரமாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. படித்த குடும்பங்களில் கூத்தென்றால் ஒரு ஏளனம் இருக்கிறது. “கூத்தடிக்கிறான்” என்பது நமக்கு வசைமொழி. ஆராய்ச்சிக்காரர்கள் ஸமுத்திரம் தாண்டி வந்து, வருஷக் கணக்காகக் களரியின் ஓரத்தில் உட்கார்ந்து, திரௌபதி வழிபாட்டைப் பற்றியும் பாரதக் கூத்தைப் பற்றியும் பெரிய நூல்கள் எழுதியிருக்கிறார்கள். 1988-லும் 1991-லும் ஆல்ப் ஹில்ட்பைட்டல் என்ற அமெரிக்கப் பேராசிரியர் எழுதிய இரண்டு பாகங்கள் அவற்றில் முக்கியமானவை. நாமோ சர்க்கார் விழாவில் அரை மணி நேரத்துக்குச் சுருக்கிக் காட்டினால் கைதட்டிவிட்டு வந்துவிடுகிறோம். அரை மணி நேரத்தில் கொலையைக் காட்டலாம். இருட்டைக் காட்ட முடியாது.

கூத்தில் எல்லாம் உத்தமம் என்று நாம் சொல்லவில்லை. கட்டியங்காரனுடைய பரிகாசத்தில் சில, குடும்பத்தோடு கேட்கத் தக்கவையல்ல. ஒலிபெருக்கி வந்த பிறகு, நயமாகப் பாட வேண்டிய இடத்திலும் சிலர் கத்துகிறார்கள். பெண் வேஷத்தை ஆண்களே கட்டி வந்த வழக்கமும் நெடுங்காலமாக உள்ளது. ஆனால் மாறுதலும் வந்திருக்கிறது. 1990-ல் தொடங்கிய கட்டைக்கூத்துச் சங்கம், காஞ்சிபுரத்துக்கு அருகே 2002 முதல் 2020 வரை ஒரு குருகுலம் நடத்தியது. அதில் பையன்களோடு பெண் குழந்தைகளும் படிப்பையும் கூத்தையும் சேர்த்துக் கற்றார்கள். சபையில் நின்று நியாயம் கேட்கும் பாட்டை ஒரு பெண்ணே பாடும்போது அது இன்னும் ஒரு படி கூர்மையாகத்தான் இருக்கும்.

பொழுது விடியும் சமயத்தில் கூத்து முடிந்தது. நண்பர் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்தார். சாலையோரத்து டீக்கடை வரையில் அவர் பேசவே இல்லை. டம்ளரைக் கையில் வாங்கிய பிறகு, “ஓய், அந்தக் கேள்வி கேட்டபோது நீர் ஏன் தலையைக் குனிந்துகொண்டீர்?” என்று கேட்டார்.

“நீர் ஏன் குனிந்துகொண்டீர்?” என்றோம்.

இருவருக்கும் பதில் அகப்படவில்லை. பள்ளிக்கூடத்திலும் ஆபீஸிலும் தெருவிலும் நாம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்த சமயங்கள் எத்தனையோ. அவற்றில் எதை அந்த வேஷக்காரர் கண்டுபிடித்தார் என்று யாருக்குத் தெரியும்?

நேயர்களுக்கு நம் விண்ணப்பம் இதுதான். தென்னாற்காட்டுப் பக்கம் உங்களுக்கு ஊரோ உறவோ இருந்தால், பங்குனிக்கும் ஆடிக்கும் இடையில் ஒரு தரம் விசாரித்துப் பார்த்து, கூத்து நடக்கும் ஊருக்குப் போய் வாருங்கள். பெண் குழந்தைகளையும் அழைத்துப் போங்கள். பாய் ஒன்று அவசியம். வெள்ளை வேஷ்டி வேண்டாம். முன் வரிசையில் இடம் கிடைத்தால், காலை மடக்கிக்கொண்டு உட்காருங்கள்.